தலைக்காயத்துக்குப் பின் டிரை நீட்லிங்: மருந்தில்லா ஊசியிடம் எதை எதிர்பார்க்கலாம்?

சாலை விபத்தில் தலையில் பலத்த காயமடைந்து, அறுவை சிகிச்சையும் தீவிர சிகிச்சைப் பிரிவும் கடந்து வீடு திரும்பிய ஒருவரின் கை, முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டிக் கிடக்கிறது. விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகியிருக்கின்றன. நகம் வெட்டுவதற்கும் சட்டைக்குள் கையை நுழைப்பதற்கும் வீட்டில் இருவர் சேர்ந்து பாடுபட வேண்டியிருக்கிறது. இந்நிலையில் உள்ள குடும்பத்தாரின் கைப்பேசிக்கு ஒரு காணொளி வந்து சேர்கிறது. நோயாளியின் முன்கையில் மெல்லிய ஊசி ஒன்று செலுத்தப்படுகிறது. தசை ஒரு முறை துடிக்கிறது. சில நிமிடங்களில் மூடியிருந்த விரல்கள் விரிகின்றன. ‘டிரை நீட்லிங்’ என்ற பெயரும் ஒரு சிகிச்சை மையத்தின் தொலைபேசி எண்ணும் அதன் கீழே இடம்பெற்றிருக்கின்றன.

அக்காட்சி பொய்யாக இருக்க வேண்டியதில்லை. விறைத்த தசையில் ஊசி செலுத்திய உடன் அது ஓரளவு தளர்வதைப் பல ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். ஆனால் காணொளி முடிந்த பிறகு, மறுநாள் காலையில் அந்தக் கை எப்படி இருந்தது என்பதும், ஒரு மாதத்துக்குப் பின் அந்த நோயாளியால் முன்பு இயலாத எதைச் செய்ய முடிந்தது என்பதும் அதில் காட்டப்படுவதில்லை. பணமும் நேரமும் செலவிடவிருக்கும் குடும்பத்துக்குத் தேவையான தகவல் அதுவே.

இன்றுள்ள சான்றுகளின்படி இவ்வளவு கூறலாம். டிரை நீட்லிங் தசை விறைப்பைக் குறுகிய காலத்துக்குக் குறைக்கக்கூடும். மூளையில் ஏற்பட்ட காயத்தை அது குணப்படுத்துவதில்லை. தலைக்காய நோயாளிகளிடம் நேரடியாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் மிகச் சில. இப்போது கூறப்படும் பலன்களில் பெரும்பகுதி பக்கவாத நோயாளிகளிடம் கண்டவை. எனவே இதனை மறுவாழ்வுச் சிகிச்சையில் ஒரு துணைக்கருவியாகக் கருதலாமே தவிர, அதன் மையமாகக் கொள்ள இயலாது.

இக்கேள்வி நம் மாநிலத்தில் பலருக்கும் உரியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டிலேயே மிக அதிக எண்ணிக்கையில் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான்: அந்த ஓராண்டில் 64,105 விபத்துகள். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. உயிர் காக்கப்பட்டவர்களுக்கு 49ஆம் மணி நேரத்திலிருந்து வேறொரு நீண்ட பயணம் தொடங்குகிறது. அப்பயணத்தில் எந்தச் சிகிச்சையை எப்போது நாடுவது என்பதைப் பெரும்பாலும் குடும்பத்தாரே தீர்மானிக்க நேர்கிறது.

ஊசி உண்டு, மருந்து இல்லை

நம் பேச்சு வழக்கில் ‘ஊசி போடுவது’ என்றாலே மருந்து செலுத்துவது என்று பொருள். டிரை நீட்லிங்கில் மருந்து எதுவும் இல்லை. துளையற்ற, மயிரிழை போன்ற எஃகு ஊசியைத் தோல் வழியே தசைக்குள் செலுத்தி, சிறிது முன்னும் பின்னும் அசைத்து எடுத்துவிடுவார்கள். ‘உலர்ந்த’ என்று பொருள்படும் ‘டிரை’ என்ற சொல் அதனால் வந்தது.

இதன் தொடக்கம் தசை வலிச் சிகிச்சையில் உள்ளது. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல், தசையில் முடிச்சுப் போல் இறுகி வலி தரும் புள்ளிகளை விரிவாக ஆராய்ந்து, அவற்றில் மரப்பு மருந்தைச் செலுத்தி வந்தார். செக்கோஸ்லோவாக்கிய மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் வெளியிட்ட கட்டுரையில், மருந்து இல்லாமல் ஊசி குத்துவதே வலியைத் தணிக்கிறது என்று எடுத்துக்காட்டினார். அதன் பின் கழுத்து வலி, தோள் வலி, விளையாட்டுக் காயங்கள் ஆகியவற்றுக்கு இம்முறை பரவியது. மூளைப் பாதிப்பால் வரும் விறைப்புக்கு இதனைப் பயன்படுத்தும் முறையை ஸ்பெயினின் சரகோசா நகரைச் சேர்ந்த பாப்லோ எர்ரெரோவும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கினர். ஈரானில் தெஹ்ரான் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பக்கவாத நோயாளிகளிடம் இதைத் தொடர்ந்து சோதித்து வருகின்றனர்.

இது அக்குபங்சரா என்று பலர் கேட்கின்றனர். ஊசி ஏறத்தாழ ஒன்றே. அதைச் செலுத்தும் காரணம் வேறு. அக்குபங்சர், சீன மருத்துவ மரபு கூறும் ஆற்றல் பாதைகளில் உள்ள புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கிறது. டிரை நீட்லிங் செய்பவர், உடற்கூறியல் அடிப்படையில் எந்தத் தசை விறைத்துள்ளது என்று கண்டறிந்து அந்தத் தசையிலேயே ஊசியைச் செலுத்துகிறார். உங்கள் நோயாளிக்குச் செய்யப்படுவது எது என்பதை முதலில் கேட்டறிந்துகொள்ளுங்கள். இரண்டின் பெயர்களையும் மாற்றி மாற்றி விளம்பரப்படுத்தும் இடங்கள் உள்ளன.

விறைப்பும் முடக்கமும் ஒன்றல்ல

கை மடங்கியிருப்பதற்குக் காரணம் கையில் இல்லை. மூளையிலும் மூளைத்தண்டிலும் உள்ளது. இயல்பான நிலையில், தசை நீட்டப்படும்போது தண்டுவடம் அதைச் சுருக்க முயலும். மூளை அந்த அனிச்சைச் செயலை அடக்கி வைத்திருக்கும். தலைக்காயத்தால் அந்தக் கட்டுப்பாடு தளரும்போது, சிறிது நீட்டினாலும் தசை எதிர்த்து இறுகுகிறது. வேகமாக நீட்டினால் இன்னும் அதிகமாக இறுகும். இதுவே விறைப்பு.

விறைப்பு பல வாரங்கள் கவனிக்கப்படாமல் நீடித்தால் தசையும் தசைநாரும் உண்மையாகவே நீளத்தில் குறுகிவிடும். மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் இறுகிவிடும். இது மூட்டு முடக்கம். மெதுவாக நீட்டினாலும், உறங்கும்போது நீட்டினாலும், மூட்டு ஒரே இடத்தில் நின்றுவிடும்.

இவ்வேறுபாட்டை வீட்டில் ஓரளவு உணர முடியும். நோயாளி அமைதியாக இருக்கும் வேளையில் முழங்கையை மிக மெதுவாக நீட்டிப் பாருங்கள். மெதுவாக நீட்டும்போது கை விரிந்து, வேகத்தைச் சற்றுக் கூட்டினால் தடுக்கிறது என்றால் விறைப்பின் பங்கு அதிகம். எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் அதே கோணத்தில் நின்றால் முடக்கம் தொடங்கியிருக்கக்கூடும். வலி தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வலுவில் இழுப்பது கூடாது. இறுதி முடிவை மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ நேரில் பார்த்தே கூற முடியும்.

இதை இவ்வளவு விரிவாகக் கூறுவதற்குக் காரணம் உண்டு. டிரை நீட்லிங் தொடர்பான நம்பிக்கைகள் அனைத்தும் விறைப்பைப் பற்றியவை. குறுகிப்போன தசைநாரை ஊசி நீளச் செய்யாது. மாதக்கணக்கில் முடங்கிய மூட்டுக்குப் பத்து அமர்வுகள் ஊசிக்கெனப் பணம் கட்டும் குடும்பம், வேறு சிகிச்சை தேவைப்படும் ஒரு பிரச்சினைக்கு இதைச் செய்துகொண்டிருக்கிறது.

மற்றொன்றையும் இங்கே கூற வேண்டும். ஓரளவு தளர்ந்திருந்த உடல் திடீரெனச் சில நாள்களில் கடுமையாக விறைத்தால், அது உடலுக்குள் வேறேதோ தொல்லை இருப்பதன் அறிவிப்பாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், கால் விரல் நகம் சதைக்குள் வளர்தல், கவனிக்கப்படாத எலும்பு முறிவு என எதுவும் விறைப்பைத் தூண்டும். தலைக்காயத்துக்குப் பின் இடுப்பு, முழங்கை போன்ற மூட்டுகளைச் சுற்றித் தசைக்குள் எலும்பு வளர்வதும் உண்டு. மூளையில் நீர் தேங்குவதும் ஒரு காரணம். பேச இயலாத நோயாளிக்கு விறைப்பே மொழி. காரணத்தைத் தேடாமல் ஊசியால் தசையைத் தளர்த்த முயல்வது, அம்மொழியைக் கேளாமல் விடுவதாகும்.

ஆய்வுகள் எதுவரை வந்துள்ளன?

பக்கவாத நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது, ஊசி செலுத்திய தசையில், குறிப்பாகக் காலில், விறைப்பின் அளவு குறைகிறது. ஆனால் கை கால்களின் பயன்பாடு மேம்பட்டது என்று உறுதியாகக் கூற அவை போதவில்லை. பெரும்பாலானவை சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளைக் கொண்டவை. பின்தொடர்ந்த காலமும் குறைவு.

இங்கு ‘விறைப்பின் அளவு’ என்பது எப்படி அளக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது பயன் தரும். பரவலாகப் பயன்படுத்தப்படும் ஆஷ்வொர்த் திருத்திய அளவுகோலில், சிகிச்சையாளர் மூட்டை அசைத்து, எதிர்ப்பைத் தம் கையால் உணர்ந்து, 0 முதல் 4 வரை மதிப்பிடுகிறார். ஒரு படி இறங்கினாலே ஆய்வில் அது முன்னேற்றம். நோயாளியின் வீட்டில் அந்த ஒரு படி இறக்கம் உள்ளங்கையைக் கழுவுவதை எளிதாக்கலாம். எதையுமே மாற்றாமலும் போகலாம். மேலும், விறைப்பு ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்குவது. குளிர், பதற்றம், தூக்கமின்மை, நிரம்பிய சிறுநீர்ப்பை ஆகிய ஒவ்வொன்றும் அதைக் கூட்டும். இதமான அறையில் பொறுமையாகத் தசையை நீட்டிவிட்டாலே குறையும். ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு காணொளிகள் எதையும் நிறுவிவிடாது என்பதற்கு இதுவே காரணம்.

தலைக்காயத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் மெலிந்தது. தனித்தனி நோயாளிகளைப் பற்றிய விவரிப்புகள் உள்ளனவே தவிர, பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. இரண்டுமே மூளைப் பாதிப்புதானே, பக்கவாதத்தில் கண்டது இங்கும் பொருந்தாதா என்று கேட்கலாம். தசை அளவில் ஓரளவு பொருந்தலாம். ஆனால் பக்கவாதத்தில் பெரும்பாலும் மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்பட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழக்கிறது. பலத்த தலைக்காயத்தில் மூளை குலுங்கி, நரம்பிழைகள் பல இடங்களில் அறுபடுவதால் இரு பக்கமும் விறைக்கலாம். நினைவாற்றல், கவனம், கோபக் கட்டுப்பாடு ஆகியவையும் குலைகின்றன. ஊசிக்குப் பிந்தைய பயிற்சியில் நோயாளி ஒத்துழைப்பது இவற்றைப் பொறுத்தே அமையும். தலைக்காயமடைந்தவர்களில் இளைஞர் பலர் உள்ளனர். முதல் ஆறு மாதங்களில் தாமாகவே நிகழும் மீட்சி அவர்களிடம் கணிசமானது. அந்தக் காலத்தில் எந்தச் சிகிச்சையைச் செய்திருந்தாலும் பெருமை அதற்கே போய்ச் சேரும். இதில் சிகிச்சையாளரின் ஏமாற்று என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. அவரும் நம்பிவிடுகிறார்.

அமெரிக்காவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசுக் காப்பீடான மெடிகேர், 2020 ஜனவரியில் எடுத்த முடிவு இங்கே கவனிக்கத்தக்கது. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு மட்டும் அக்குபங்சர் செலவை ஏற்கலாம் என்றும், டிரை நீட்லிங் உட்பட எவ்வகை ஊசிச் சிகிச்சையும் வேறு எந்த நோய்க்கும் ஏற்கப்படாது என்றும் அது அறிவித்தது. விறைப்பு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

தளர்ந்தால் போதுமா?

விறைப்பு குறைந்தால் கை தானாக வேலை செய்யத் தொடங்கும் என்ற எண்ணம் இயல்பானது, ஆனால் தவறானது. மூளைக்காயம் இரண்டு விளைவுகளைத் தருகிறது: ஒன்று விறைப்பு, மற்றொன்று வலுவிழப்பும் இயக்கக் கட்டுப்பாட்டின் இழப்பும். கண்ணுக்கு முதலில் தெரிவது விறைப்பு என்பதால் அதையே முழு நோயாகக் கருதிவிடுகிறோம். விரலை மடக்கும் தசை தளர்ந்தாலும், விரலை நீட்டும் தசைக்கு மூளையிலிருந்து கட்டளை வராவிட்டால் தம்ளரைப் பிடித்து எடுக்க இயலாது.

எனவே ஊசியின் பலனை இரு வகையாகப் பிரித்து எதிர்பார்க்க வேண்டும். பராமரிப்பை எளிதாக்குவது ஒன்று: உள்ளங்கையைக் கழுவுதல், நகம் வெட்டுதல், சட்டை மாட்டுதல், தொடைகளை விரித்துத் தூய்மை செய்தல். இதற்குத் தசை தளர்ந்தாலே போதும். நோயாளி தாமே ஒரு செயலைச் செய்வது மற்றொன்று. தளர்ந்திருக்கும் அந்தச் சிறு இடைவெளியில், திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி இல்லாமல் அது வாய்க்காது. ஊசி செலுத்திவிட்டு, பயிற்சி எதுவுமின்றி அரை மணி நேரத்தில் அனுப்பிவைக்கும் இடத்தில் இரண்டாம் வகைப் பலனை எதிர்பார்க்க இயலாது.

காலில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிலர் நிற்பதற்குக் காலின் விறைப்பே துணையாக இருக்கிறது. வலுவற்ற முழங்கால் மடங்காமல் தாங்கி நிற்பது அந்த இறுக்கத்தால்தான். அதைத் தளர்த்தினால், நேற்றுவரை நின்றவர் இன்று விழக்கூடும். ஏற்கனவே தலையில் அடிபட்ட ஒருவருக்கு இன்னொரு வீழ்ச்சி எத்தகைய ஆபத்து என்பதை விளக்க வேண்டியதில்லை.

தலைக்காய நோயாளிக்கென்று உள்ள எச்சரிக்கைகள்

பொதுவான வலிக்காக வருபவரிடம் கேட்கப்படும் கேள்விகள் இங்கே போதா. மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டு, இன்னும் திரும்பப் பொருத்தப்படாதவர்கள் பலர் உள்ளனர். அந்தப் பகுதியிலும் அதைச் சுற்றிலும் ஊசிக்கு இடமே இல்லை. முதுகிலோ கெண்டைக்காலிலோ ஊசி செலுத்துவதற்காகக் குப்புறப் படுக்க வைக்கும்போதும் அப்பகுதி அழுந்தக்கூடாது. மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்குள் வடிக்கும் ஷண்ட் குழாய் பொருத்தப்பட்டிருந்தால், அது காதின் பின்புறத்திலிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கு அடியிலேயே செல்கிறது. கழுத்திலும் மார்பிலும் ஊசி செலுத்துபவர் அந்தக் குழாய் எந்தப் பக்கம் உள்ளது என்பதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். இத்தகவலைக் குடும்பத்தார் தாமாகவே முன்வந்து சொல்வது நல்லது. வெளியேற்றச் சுருக்கத்தை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

நீண்ட நாள் படுக்கையில் இருந்ததால் காலில் ரத்தம் உறைந்து, அதற்காக ரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்பவர்கள் உண்டு. ஆழமான தசைக்குள் ரத்தம் கசிந்தால் வெளியில் அழுத்தி நிறுத்த இயலாது. வலிப்பு இன்னும் கட்டுக்குள் வராதவர்கள், ஊசி செலுத்தும் இடத்தில் தொற்றோ புண்ணோ உள்ளவர்கள் ஆகியோருக்கும் மருத்துவரின் ஒப்புதலின்றிச் செய்யக்கூடாது. காயத்துக்குப் பிந்தைய மாதங்களில் சிலருக்குச் சிறு வலித் தூண்டலிலும் நாடித்துடிப்பு எகிறி, வியர்த்துக் கொட்டி, உடல் வில்லாக வளையும். அத்தகைய தாக்குதல்கள் ஓயாதவரை ஊசியைத் தவிர்ப்பதே முறை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ஊசி தவறான இடத்தைத் தொட்டால், சுயநினைவுள்ளவர் “மின்சாரம் பாய்ந்தது போல் இருக்கிறது” என்றோ “மூச்சு விட முடியவில்லை” என்றோ உடனே சொல்வார். பேச்சிழந்த, உணர்விழந்த நோயாளியால் அது இயலாது. சிகிச்சையின் பாதுகாப்பு ஏற்பாட்டில் நோயாளியின் குரலும் ஒரு பகுதி. அது இல்லாத இடத்தில் சிகிச்சையாளரும் உடனிருப்பவரும் முகச்சுளிப்பு, மூச்சின் வேகம், கையை இழுத்துக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கண்காணிக்க வேண்டும். ஆகையால் ஊசி செலுத்தும்போது குடும்பத்தார் ஒருவர் அருகில் இருக்க அனுமதிக்கப்பட வேண்டும். அனுமதி மறுக்கும் மையத்தை ஏற்காதீர்கள்.

ஆபத்து எவ்வளவு?

அயர்லாந்தில் இயன்முறை மருத்துவர்கள் செய்த 7,629 சிகிச்சைகளைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 19 விழுக்காட்டில் சிறு பக்கவிளைவுகள் பதிவாயின. ரத்தக்கட்டு, சிறு ரத்தக்கசிவு, வலி ஆகியவையே பெரும்பாலானவை. பெரிய தீங்கு எதுவும் பதிவாகவில்லை. அமெரிக்காவில் 20,464 அமர்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வில், சிறு பக்கவிளைவுகள் சுமார் 37 விழுக்காடு. பெரிய பாதிப்புகள் 20, அதாவது ஏறத்தாழ ஆயிரம் அமர்வுகளுக்கு ஒன்று. இரண்டுமே சிகிச்சையாளர்கள் தாமே அளித்த பதிவுகள். தலைக்காயத்தால் பேச இயலாதவர்களிடம் இதே அளவுதான் இருக்கும் என்று இவற்றைக் கொண்டு கருத இயலாது.

பெரிய பாதிப்புகளில் முதன்மையானது, ஊசி நுரையீரல் உறையைத் துளைத்து அங்கே காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்குவது. அமெரிக்கக் கால்பந்து வீரர் டி. ஜே. வாட்டுக்கு 2025 டிசம்பரில் இவ்வாறு நேர்ந்து அறுவை சிகிச்சை செய்யப்பட்டதும், பனிச்சறுக்கு வீரர் டோரின் யேட்டர்-வாலஸுக்கு 2013இல் நேர்ந்ததும் செய்திகளில் வந்தன. சிறந்த மருத்துவ வசதிகள் சூழ்ந்திருந்த, திடகாத்திரமான விளையாட்டு வீரர்கள் இவர்கள். இந்த ஆபத்து முன்கையிலோ கெண்டைக்காலிலோ இல்லை. தோள், மார்பு, மேல்முதுகு, கழுத்தின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் உள்ளது. தலைக்காய நோயாளியின் கையை மார்போடு இறுக்கி வைத்திருக்கும் தசைகள் பலவும் அங்கேதான் உள்ளன. படுக்கையில் கிடந்து மெலிந்த உடலில் தோலுக்கும் விலா எலும்புக்கும் இடையே உள்ள தொலைவும் மிகக் குறைவு.

வரிசையில் முன்னால் நிற்பவை

டிரை நீட்லிங்கைப் பற்றி முடிவெடுக்கும் முன், அதைவிட உறுதியான சான்றுள்ள சிகிச்சைகள் கிடைத்துவிட்டனவா என்று பாருங்கள். கை கால்களைச் சரியான நிலையில் வைத்தல், நாள்தோறும் மூட்டுகளை முழு அளவுக்கு அசைத்தல், தேவையான இடத்தில் ஸ்பிளிண்ட் அணிதல், செயல்சார்ந்த பயிற்சி ஆகியவை அடித்தளம். இவற்றுக்கு மேல், உடல் முழுவதும் விறைத்திருந்தால் பாக்லோஃபென், டிசானிடின் போன்ற மாத்திரைகள் தரப்படும். அவை உறக்கத்தையும் மந்தத்தையும் தருவதால், ஏற்கனவே கவனம் குன்றிய தலைக்காய நோயாளியிடம் அளவை மெல்லக் கூட்ட வேண்டும். குறிப்பிட்ட சில தசைகள் மட்டும் விறைத்திருந்தால் போட்டுலினம் டாக்சின் ஊசி பயன்படுகிறது. அதன் விளைவு சில நாள்களில் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள் நீடிக்கும். அதற்கு ஆகும் செலவு பெரிது என்பதே பலரை டிரை நீட்லிங் பக்கம் திருப்புகிறது. இந்த வருத்தம் நியாயமானது. ஆனால் பல அமர்வுகளுக்கான கட்டணத்தையும், பயணச் செலவையும், உடன் செல்பவர் இழக்கும் கூலியையும் கூட்டிப் பார்த்தால் வேறுபாடு அவ்வளவு பெரிதாக இல்லாமலும் போகலாம்.

ஊசியால் கை தளர்ந்துவிட்டது என்று எண்ணி மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம் ஆபத்தானது. பாக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம்.

வீட்டை விட்டு வெளியே வர இயலாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கிடைக்கிறது. உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ பதிவு செய்யலாம். சரியாகப் பிடித்து அசைப்பதையும் படுக்க வைப்பதையும் அவர்களிடம் கற்றுக்கொண்டு, நாள்தோறும் இரு வேளை செய்வது, வாரம் ஒரு நாள் நகருக்குச் சென்று ஊசி செலுத்திக்கொள்வதைவிடப் பெரும்பாலானோருக்கு அதிகப் பயன் தரும். காணொளியாக எடுத்தால் பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இருக்காது, அது வேறு.

செய்துகொள்வது என்று முடிவெடுத்தால்

இந்தியாவில் இயன்முறை மருத்துவம் உள்ளிட்ட துறைகளை ஒழுங்குபடுத்த 2021இல் தனி ஆணையச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. எனினும் வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்த சான்றிதழும், மூளைக்காய நோயாளிகளிடம் பல ஆண்டுகள் பெற்ற அனுபவமும் சுவரில் ஒரே மாதிரி சட்டமிட்டுத் தொங்கும். தகுதிப் பட்டம், பதிவு எண் ஆகியவற்றோடு, இதுவரை எத்தனை தலைக்காய நோயாளிகளுக்கு இதைச் செய்துள்ளார் என்றும் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. உறையிலிருந்து உங்கள் முன்னால் பிரிக்கப்பட்ட, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியையே அனுமதியுங்கள். நரம்பியல் அல்லது மறுவாழ்வு மருத்துவரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது நல்லது.

தொடங்கும் முன் ஒரே ஒரு நோக்கத்தைச் சிகிச்சையாளரோடு சேர்ந்து எழுதி வையுங்கள். ‘கை நன்றாக வேண்டும்’ என்பது அளக்க முடியாதது. ‘உள்ளங்கையைத் திறந்து துடைக்க ஒருவரே போதும்’, ‘சட்டை மாட்ட ஆகும் நேரம் பாதியாக வேண்டும்’ என்பன அளக்கக்கூடியவை. முதல் ஊசிக்கு முந்தைய ஒரு வாரமும், பின்னர் ஒவ்வொரு நாளும், அதே நேரத்தில் அந்தச் செயலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். சிகிச்சை அறையில் கண்ட தளர்வைக் கணக்கில் கொள்ள வேண்டாம். மறுநாள் காலையில் வீட்டில் உள்ள நிலையையே எழுதுங்கள். மூன்று அல்லது நான்கு அமர்வுகளுக்குப் பின் அந்தக் குறிப்பில் மாற்றம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம். பத்து, இருபது அமர்வுகளுக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் இந்த உரிமையை இழந்துவிடுவீர்கள்.

நோயாளிக்குப் புரிந்துகொள்ளும் நிலை இருந்தால், ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்டே செய்ய வேண்டும். தலையசைப்பும் கண் சிமிட்டலும் பதில்கள்தாம். அவர் தொடர்ந்து மறுத்தால், குடும்பத்தாரின் விருப்பம் அதை மீறக்கூடாது.

தோள், மார்பு, மேல்முதுகு, கழுத்துப் பகுதிகளில் ஊசி செலுத்தப்பட்ட பிறகு ஓரிரு நாள்கள் கவனமாகப் பாருங்கள். மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்தும் வலி, வறட்டு இருமல் ஆகியவை தோன்றினால் காத்திருக்க வேண்டாம். பேச இயலாதவரிடம் வேகமான மூச்சு, உதடு நீலமாதல், காரணமற்ற பதற்றம் ஆகியவற்றைக் கவனியுங்கள். 108ஐ அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் எந்த இடத்தில், எப்போது ஊசி செலுத்தப்பட்டது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.